லூமுட் தண்ணீர்

தோட்டத்து ஆபீசை இடிக்க ஆள் வந்த அன்று, கணக்கெழுதும் பெரிய கிராணியின் மேசைமேல் கிடந்த கண்ணாடியைச் சதாசிவம் கேட்டு வாங்கிக்கொண்டான். கால் அங்குலக் கனம். ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. சாக்கில் சுற்றித் தோளில் வைத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவன் மனைவி வீரம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“கிராணி கண்ணாடியில மூஞ்சி பாக்கப் போறீங்களா?”

“மீன் தொட்டிக்கு.”

“போத்தல்ல வளக்குறது பத்தலையா? வீடே போவப் போவுது. தொட்டியாம் தொட்டி.”

“வீடு கெடைக்கத்தான் இந்தத் தொட்டி” என்றான்.

அது எண்பத்தைந்தாம் வருஷம். ஈப்போவுக்கு வடக்கே, செமோருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. ரப்பர் மரங்களில் பாதி விழுந்துவிட்டன. தீபாவளி முடிந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சதாசிவத்துக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷம் பால் ஸ்டோரில் வேலை. மரத்திலிருந்து வருகிற பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவது அவன் பொறுப்பு. வீரம்மா மரம் சீவினாள்; முதுகு வலி வந்த பிறகு அதே ஸ்டோரில் டின் கழுவினாள். வேறு தொழில் இருவருக்கும் தெரியாது. ஈப்போவில் ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்ததால் அங்கும் வேலை தேடுகிற கூட்டம்தான் இருந்தது.

விழுந்த ரப்பர் மரத்தை விறகாக்கி ஈப்போ பழைய டவுனில் நூஹுவின் சாப்பாட்டுக் கடைக்குப் போட்டு வந்தான் சதாசிவம். நூஹு கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த சீனர் கடையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் சிங்கி இறாலை விட்டிருந்தார்கள். சாப்பிட வராதவன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான். நூஹுவுக்கு அது பொறுக்கவில்லை.

“நம்ம தொட்டியில வெறும் மீனு இருந்தா பத்தாதுலா” என்றார். “கல்லு, பூவு, கலர் கலரா. பங்கோர் தீவுல தண்ணிக்கு அடியில பாத்தா எப்படி இருக்கும்? அப்படி. தொட்டி விக்கிறவன்கிட்ட கேட்டேன். அவன் சொல்ற வெலைக்கு நான் கப்பலே வாங்கிருவேன்.”

“நான் செய்றேன் பாய்.”

“நீயா? நீ குடுவையில சண்டை மீன் வளக்குற ஆளுலா. இது கடலு.”

“தண்ணி தண்ணிதானே பாய்.”

நூஹு சொன்னார்: “சரி. செஞ்சு காட்டு. சல்லி ரொம்ப எறக்க மாட்டேன். மேல ரூமு காலியாத்தான் கெடக்கு. நீயும் உம் பொண்டாட்டியும் வந்து இருந்துக்கங்க. நீ தொட்டியப் பாத்துக்கிட்டு சமையக்கட்டுல கூடமாட இரு. அது மசாலா அரைக்கட்டும். சாமி படம் ரூமுக்குள்ள வச்சுக்க. கறி மீனு நம்ம கடையிலயே சாப்பிடு. ஆனா கடை தொறக்குற வெள்ளிக்கெழம தொட்டி உசுரோட இருக்கணும். அதான் பேச்சு.”

தீபாவளிக்கு முந்தின வெள்ளி அது. இரண்டு மாதம் இருந்தது.

நூஹுவின் கடைக்குள்ளேயே தொட்டியைக் கட்டினான். முன்பக்கம் கிராணியின் மேசைக் கண்ணாடி. மற்றப் பக்கங்களுக்குத் துரை பங்களாவின் அலமாரிக் கதவுகள். வளர்ப்பு மீன் விற்கும் ஆ கியோங் பாதி தீர்ந்த பசைக் குழாய்கள் மூன்றும், ஒரு பழைய காற்றுப் பம்பும் கொடுத்தான். அதற்குப் பதிலாக அவன் கடைப் பின்புறச் சாக்கடையைச் சதாசிவம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தோண்டிச் சுத்தம் செய்தான். ரொட்டி அடுக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து அடியில் போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்ட குழாயை மூலையில் நிறுத்தி, மேலே பங்கோர் கடற்கரையில் அள்ளிய பவளச் சில்லுகளைக் கொட்டினான். பம்பு காற்றை ஊதித் தண்ணீரைச் சில்லுக்குள் சுற்ற வைத்தது. சில்லுதான் வடிகட்டி.

ஆ கியோங் வந்து பார்த்தான். குனிந்து அடியெல்லாம் பார்த்தான்.

“போலே” என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அண்ணே என்பது அவன் வாயில் ஆனே. “ஆனா மீனு போடாதே ஆனே. ஒரு எறா துண்டு போடு. அழுவட்டும். நாலு அஞ்சு வாரம். சபார் லா, பொறுமை. தண்ணி முதல்ல நஞ்சாவும், அப்புறம் அந்த நஞ்ச தின்னுற பூச்சி சில்லுல வளரும். அது கண்ணுக்குத் தெரியாது. அது வந்தாதான் மீனு.”

“அதுக்கு முன்னாடி போட்டா?”

“சோறு கூட மீன் பொரியல் சாப்பிடு” என்று சொல்லிவிட்டு ஆ கியோங் சைக்கிளில் ஏறினான்.

கடல் தண்ணீருக்கு லூமுட் போக வேண்டும். கடைக்கு மீன் வாங்க நூஹுவின் வேன் வாரம் இருமுறை அங்கே போகும். ஓட்டுவது நூஹுவின் தங்கை மகன் ஷரபுதீன். வாய் ஓயாதவன். கடைக்குச் சொந்தமான நீல டிரம்கள் மூன்றை ஏற்றிக்கொண்டு சதாசிவமும் கூடப் போனான். மீன் படகுகள் நிற்கிற இடத்தில் தண்ணீர் எண்ணெயாக இருக்கும். அதனால் ஒரு மலாய்க்காரருடைய சிறு படகில் தொலைவாகப் போய் மொண்டு வந்தான். வலையில் சிக்கி வந்த கற்களை அந்தப் படகுக்காரர் சும்மா கொடுத்தார். சிவப்பும் ஊதாவுமாக ஏதோ படர்ந்த கற்கள். அவருக்கு அவை வலையைக் கிழிக்கிற சனியன்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் சாப்பிட்டார்கள். சதாசிவம் மீன் கறியில் இரண்டு கரண்டி மிளகாய்ச் சம்பலைக் கொட்டிப் பிசைந்தான்.

“அண்ணே, ஒங்க நாக்கு என்ன டயரா?” என்றான் ஷரபுதீன்.

“கறி சப்புன்னு இருக்குலா.”

“இதுவா? எனக்குக் கண்ணுல தண்ணி வருது. எங்க மாமி வைக்கிற கறிய நீங்க சாப்பிட்டா வெந்நின்னு சொல்லுவீங்க. அடி வாங்குவீங்க, பாத்துக்கங்க.”

சதாசிவமும் சிரித்தான்.

மூன்று நடையில் தொட்டி முக்கால் நிறைந்தது. இறால் துண்டு அழுகியது. தண்ணீர் வெளுத்தது, பிறகு கலங்கியது, பிறகு கண்ணாடியில் பழுப்பாக ஒரு அழுக்கு ஏறியது. நூஹு தினமும் வந்து பார்த்துவிட்டு, “சாக்கடைய வளக்குறியா?” என்று கேட்டார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வாங்க வழியில்லை. பாலில் ரப்பர் எவ்வளவு என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஸ்டோரில் இருந்தது. அது கடல் தண்ணீரில் முழுசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் தூண்டில் குண்டைக் கட்டிப் பாதி முழுக வைத்து, புதுக் கடல் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டான். தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் கோடு மேலே வரும். மழைத் தண்ணீர் ஊற்றுவான். கோடு இறங்கும்.

நாலாம் வாரக் கடைசியில் தண்ணீர் தெளிந்தது. ஐந்தாம் வாரம் ஆ கியோங் இரண்டு நீல மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டான். சுண்டுவிரல் அளவு. அவை செத்துப்போகவில்லை. மறுநாளும் செத்துப்போகவில்லை. லூமுட் கல்லில் இருந்து, அதுவரை யாரும் பார்க்காத ஒரு சின்னப் பூ, தையல் ஊசியின் தலையளவு, விரிந்து நின்றது. மேலே மாட்டிய குழல் விளக்கை அணைத்தால் மூடிக்கொண்டது.

அந்த வாரம் வீரம்மா வந்து மேல் அறையைப் பார்த்தாள். ஒரு ஜன்னல், ஒரு குழாய், சிமெண்டுத் தரை. குழாயைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

“எந்நேரமும் வருமா?”

“டவுனுதானே. வரும்.”

“அம்மிய அந்தச் செவுத்தோரம் போடணும்” என்றாள். அடுத்த தடவை ஷரபுதீன் செமோர் வழியாக வந்தபோது அம்மியை வேனில் ஏற்றிவிட்டாள். அவனும் சதாசிவமும் அதை மாடிக்குத் தூக்கினார்கள். “இது அம்மியா, உங்க தோட்டத்து மலையா?” என்று ஷரபுதீன் ஒவ்வொரு படியிலும் கேட்டான்.

திறப்புக்கு முதல் நாளான வியாழன்தான் லூமுட்டுக்குக் கடைசி நடை. தொட்டி இன்னும் கால்வாசி குறையாகத்தான் இருந்தது. நிறைத்தால்தான் அழகு. அதோடு படகுக்காரர், ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடியும் அவை ஒளிந்துகொள்கிற பூவும் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கடையின் நீல டிரம்களில் திறப்பு நாள் பிரியாணிக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார் நூஹு. தர முடியாது என்றார்.

ஸ்டோரில் டிரம்கள் சும்மா கிடந்தன. உறுதியானவை, மூடி இறுக்கமாக இருக்கும். சதாசிவம் புதன்கிழமையே இரண்டை எடுத்துவந்து லயத்துக் குழாயடியில் வைத்தான். அமோனியா வந்த டிரம் என்பது அவனுக்குத் தெரியும். குழாயில் காலை அரை மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள். இரண்டு முறை அலசிக் கொட்டினான். மூடியைத் திறந்து மூக்கை வைத்து இழுத்தான். ஒன்றும் இல்லை. வீரம்மாவைக் கூப்பிட்டான். அவளும் குனிந்து இழுத்தாள்.

“சுத்தமாத்தான் இருக்கு” என்றாள்.

வியாழனன்று லூமுட்டில் இரண்டையும் நிரப்பினான். பட்டை மீன்களையும் பூவையும் படகுக்காரருடைய தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்தான். வேன் முழுக்க மறுநாளைக்கான மீனும் இறாலும் நண்டும். எது எதன் நாற்றம் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மாலையே பட்டை மீன்களைத் தொட்டியில் விட்டான். அவை பூவைக் கண்டுபிடித்து அதன் கைகளுக்குள் புகுந்துகொண்டன. சமையல் ஆட்கள் எல்லோரும் கரண்டியோடு வந்து நின்றார்கள். நூஹு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சதாசிவத்தின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு டிரம்மையும் தொட்டியில் ஊற்றினான். தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. மேசைக் கண்ணாடியின் உடைந்த மூலைக்கு வைத்த ஒட்டும் மறைந்தது. வீரம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தொட்டியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தாள்.

நூஹுவின் மனைவி சாலிஹா தாம்பாளத்தோடு சமையல்கட்டிலிருந்து வந்தவள், பாதி வழியில் நின்று முந்தானையை மூக்கில் வைத்தாள்.

“என்ன இது நெடி?”

“என்ன தங்கச்சி?” என்றான் சதாசிவம்.

“சுள்ளுன்னு ஏறுதுண்ணே. கக்கூஸ் கழுவுற மருந்தாட்டம்.”

“கடல் வாடை அது. இப்பதான் புதுத் தண்ணி ஊத்தினேன்.”

“கடல் இப்படியா நாறும்? நான் நாகூர்ல பொறந்தவ.” அவள் வீரம்மாவைப் பார்த்தாள். “ஒனக்கு அடிக்கலையா?”

வீரம்மா மூச்சை இழுத்துப் பார்த்தாள். சதாசிவத்தைப் பார்த்தாள். “ஒண்ணும் அடிக்கலையேக்கா.”

பதினோரு மணிக்கு நீலக் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள்கள் படபடவென்று அடித்தன. சதாசிவம் பம்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக் குழாயை இன்னும் ஆழமாக இறக்கினான். பூ தன் கைகளை உள்ளே இழுத்து ஒரு சுருங்கிய முடிச்சாகிவிட்டது. பட்டை மீனில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அவன் கையை உள்ளே விட்டு அதை நிமிர்த்திப் பிடித்தான். விட்டதும் சாய்ந்தது.

ஷரபுதீன் ஓடிப்போய் ஆ கியோங்கைக் கூட்டி வந்தான். ஆ கியோங் வாசலிலேயே முகத்தைச் சுளித்தான். காலி டிரம்மின் மூடியைத் திறந்து குனிந்தவன் சட்டென்று தலையைத் தூக்கி இருமினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஆனே! இது பால் மருந்துலா! நீ மோந்து பாக்கலையா?”

“பாத்தேன். ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லையா?” ஆ கியோங் டிரம்மை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். “இப்ப?”

சதாசிவம் ஆழமாக இழுத்தான். கண் ஓரம் லேசாகக் கரித்தது. மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று.

ஆ கியோங் டிரம்மைக் கீழே வைத்தான். “அஞ்சு வாரம் பூச்சி வளத்தே. அது கொஞ்ச நஞ்ச தின்னும். ஒரு டிரம்மு நஞ்ச யார் தின்னுவா?” மற்ற நாளானால் கேலி செய்திருப்பான். அன்று செய்யவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். அதற்குள் எல்லாம் செத்திருந்தன. சதாசிவம் மீன்களை எடுத்துவிட்டான். நெடியை எடுக்க முடியவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி, எழுந்து வெளியே போட்ட மேசைகளுக்குப் போனார்கள். சிலர் வீட்டுக்கே போனார்கள். நூஹு தொட்டியின்மேல் ஒரு பச்சைத் துணியைப் போட்டு மூடினார். அன்று முழுவதும் சதாசிவத்திடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் வீரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை சமையல்கட்டில் அவளே பேச்சை எடுத்தாள்.

“பாய், தொட்டி போனாப் போவுது. நாங்க வேற வேலை பாக்குறோம். நான் மசாலா அரைக்கிறேன். இவரு வெறகு, தண்ணி, பாத்திரம். ரூமு மட்டும்...”

நூஹு மனைவியைப் பார்த்தார். சாலிஹா இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வீரம்மாவின் முன்னால் வைத்தாள். இரண்டிலும் தேங்காய்ப் பால்.

“ஒண்ணு இன்னிக்குப் புழிஞ்சது. ஒண்ணு நேத்துது. எதுன்னு சொல்லு பாப்போம்.”

வீரம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். மற்றதை எடுத்து முகர்ந்தாள். திரும்ப முதலாவதை எடுத்தாள். சமையல் ஆள் ஒருவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கடைசியில் அவள் ஒரு கிண்ணத்தைச் சுட்டினாள்.

“இது இன்னிக்குது.”

சாலிஹா அந்தக் கிண்ணத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். புளித்த பால் கட்டி கட்டியாக விழுந்தது.

“கோவிச்சுக்காதே வீரம்மா” என்றாள். “நாளைக்குக் கெட்டுப்போன கறிய நீ எடுத்து வச்சா, சாப்பிட்டவன் வாந்தி எடுத்தா, கடைய மூடிருவானுங்க. மணம் தெரியாத ஆள எப்படி உள்ள வைக்கிறது? நீயே சொல்லு.”

சாலிஹா சொன்னதில் தப்பில்லை.

“ரூம சமையக்கார ஆளுக்குத்தான் கொடுக்க முடியும் சதா” என்றார் நூஹு. “வெறகு போட்டுக்கிட்டு இரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல.”

“மரமே இன்னும் ஒரு மாசத்துக்குத்தான் பாய்” என்றான் சதாசிவம்.

அம்மியை இறக்கும்போதும் ஷரபுதீன்தான் ஒரு பக்கம் பிடித்தான். படியில் ஒரு இடத்தில் நின்று, “அண்ணே, அந்த ஸ்டோர்ல வேலை செஞ்ச எல்லாருக்கும் இப்படித்தானா?” என்றான்.

“யாரு மோந்து பாத்தா?” என்றான் சதாசிவம்.

தொட்டியை நூஹு எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். ஆ கியோங் கற்களை மட்டும் கேட்டான். கழுவி வெயிலில் காயவைத்தால் வெள்ளையாகிவிடும், சண்டை மீன் தொட்டிக்கு அழகாக வைக்கலாம் என்றான். அவன் சொன்னபடியே வெள்ளையாகிவிட்டன.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் லயத்தைக் காலி செய்தார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புறம்போக்கில் பலகை வீடுகள் சில இருந்தன. அதில் ஒன்றின் பின்பாதி கிடைத்தது. முன்பாதியில் நல்லம்மாள் இருந்தாள். சந்தையில் காய்கறி விற்கிறவள். தோட்டத்தில் வேலை செய்தவள் இல்லை. அங்கே குழாய் இல்லை. பொதுக் குழாய் நானூறு அடி தள்ளி. தண்ணீர் பிடித்து வைக்கப் பாத்திரம் வேண்டும். வாங்க முடியாது. சதாசிவத்திடம் இருந்தவை அந்த இரண்டு டிரம்கள்தான்.

வீரம்மா அவற்றைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தாள். வெயிலில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் புளி போட்டுத் தேய்த்தாள். நானூறு அடி போய்த் தண்ணீர் தூக்கிவந்து அலசினாள். பழக்கத்தில் மூடியைத் திறந்து குனிந்து இழுத்தாள். பிறகு நிமிர்ந்து சதாசிவத்தைப் பார்த்தாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வரவில்லை.

“நல்லம்மாக்கா, இங்க ஒரு நிமிசம் வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் குனிந்து முகர்ந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“இன்னும் இருக்கும்மா.”

வீரம்மா வாளியை எடுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்கு நடந்தாள். நல்லம்மாள் சதாசிவத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏன், நீங்க பாத்து சொல்லப்படாதா?”

“எனக்கு வாடை தெரியாதுக்கா” என்றான் அவன்.